படம் நின்றுவிடுகிறது

தப்பாகச் சொல்லிவிடப் போகிறோம் என்கிற பயம் சாந்தாமணியை மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டது. நாமக்கல் பரமத்தி ரோட்டில் கீழே டயர் கடை, மேலே லேப்டாப் ரிப்பேர் கடை, இரண்டுக்கும் நடுவே கைப்பிடி ஆடும் இரும்புப் படி. ஒரு தோளில் லேப்டாப் பை, ஒரு கையில் சேலைக் கொசுவம், வாய்க்குள் அந்த வாக்கியம். படம் நின்னுருதுங்க, மறுபடி வர்றப்ப வண்டி பள்ளத்துல கெடக்குதுங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். எதிரே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு அடிக்கும் வாக்கியத்திலிருந்து ஒரு சொல் கழன்று விழுவதுபோல் இருந்தது. படம் பள்ளத்துல கெடக்குதா, வண்டி நின்னுருதா, எது முதலில். அவரே வந்திருக்கலாம். வந்தால் என்ன கௌரவம் குறைந்துவிடும். "அம்பது வயசு ஆளு கேம் வெளையாடறேன்னு போயி நிக்கறதா? நீ போ. கேட்டா பேரனுதுன்னு சொல்லு" என்றார் அவள் புருசன் செங்கோட்டுவேலு. பேரனுக்கு எங்கே போவது, மகளுக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. இருக்கிற பொய்யையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவளிடம் இல்லாத பேரனையும் கொடுத்து அனுப்புகிற மனுசன். அதோடு விட்டாரா, வாசலில் நின்று, "உன்ற இஷ்டத்துக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிப் போடாத, நாஞ் சொன்னதை அப்படியே சொல்லு" என்று வேறு. இருபத்தைந்து வருசமாக அவள் எதைத்தான் அப்படியே சொல்லவில்லை.

கடையில் ஒரு பெண்தான் இருந்தாள், முப்பது வயதிருக்கும், பல்லிடுக்கில் ஸ்க்ரூவைக் கடித்துக்கொண்டு யாருடையதோ லேப்டாப்பைக் குடல் எடுத்துப் போட்டிருந்தாள். சுவரில் கௌசல்யா என்று பெயர் போட்ட சான்றிதழ் தொங்கியது. உட்காருங்கக்கா என்று கண்ணால் காட்டினாள். சாந்தாமணி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள், வைத்ததும் அது சூடாக இருப்பதுபோல் பட்டது, வெயிலில் வந்த சூடுதான், ஆனால் வீட்டில் அது சுடுகிற சூடு வேறு, தோசைக்கல் மாதிரி. அதைத் தொட்டாலே அவளுக்கு எரிச்சல். மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து புதிதாக ஒன்று வாங்கியதும் காலேஜில் வைத்திருந்த இந்தப் பழசை அப்பாவுக்கு என்று விட்டுவிட்டுப் போனாள். போனவள் சும்மா போயிருக்கலாம். லாரி ஓட்டும் கேம் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள், "அப்பா வூட்டுலயே உக்காந்து கொல்லிமலை ஏறட்டும்மா" என்று சிரித்தாள். அவர் முதல் நாள் அதைப் பார்த்த பார்வை, தன் மகளே தன்னைக் கேலி செய்கிறாள் என்பதுபோல. இரண்டாம் நாள் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கே எழுந்தார். அம்புக்குறி போட்ட பட்டனில் ஒரு விரல் வைத்தால் போதும் வண்டி போகிறது, மலை வருகிறது, வளைவு வருகிறது, எதிரே பஸ் வருகிறது, இவர் வாயாலேயே ஹாரன் அடிக்கிறார். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "பாத்தியா, செகண்ட் கியருல எறக்கறேன்" என்பார். அவள் பார்ப்பாள். பயமாக இருக்கும், பொம்மை வண்டிதான், இருந்தாலும் வளைவு வரும்போதெல்லாம் அவள் கால் தரையில் பிரேக்கைத் தேடும்.

ஆனால் அந்தப் பொம்மை வண்டி வந்த பிறகுதான் வீட்டில் ஒரு பேச்சு நின்றது, அதைச் சொல்லத்தான் வேண்டும். போன வருசம் தொப்பூர்க் கணவாயில் அவர் ஓட்டிய லாரி தடுப்புச் சுவரில் ஏறி, டீக்கடை பெஞ்சை இழுத்துக்கொண்டு போய் நின்றபோது யாருக்கும் எதுவும் ஆகவில்லை, பெஞ்சில் இருந்தவர் அப்போதுதான் டம்ளர் கழுவ எழுந்திருந்தார். அந்த ஆளின் முகத்தை அவள் பார்த்ததில்லை, ஆனால் நினைக்காத நாளில்லை. டம்ளர் கழுவ எழுந்திருக்காவிட்டால். முதலாளியிடம் தூக்கம் சொக்கிவிட்டது என்று சொன்னார். சேலத்தில் டாக்டர் வலிப்பு என்றார், மாத்திரை எழுதினார், நான் சொல்கிற வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். அது வீட்டுக்குள் இருக்கிற சேதி. வெளியே தெரிந்தால் காலத்துக்கும் எவனும் வண்டி கொடுக்க மாட்டான் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர், அடுத்த வாரத்திலிருந்தே எப்போது ஓட்டலாம், எப்போது ஓட்டலாம் என்று நச்சரிக்க ஆரம்பித்தார். கேம் வந்ததும் அது அடங்கியது. இப்போது இந்த எழவு லேப்டாப் திணற ஆரம்பித்ததும் பழையபடி கிளம்பிவிட்டது. படம் திக்கித் திக்கிப் போகிறது, வண்டி பள்ளத்தில் விழுகிறது, இவர் மேசையில் அடிக்கிறார். "இதோட மல்லுக்கட்டறதுக்கு நெசத்தையே ஓட்டிட்டுப் போயிரலாம்." முந்தாநாள் முதலாளி தங்கமுத்து போன் பண்ணினார், கோழிக்கோட்டுக்கு முட்டை லோடு, திங்கக்கிழமை, ஆள் பத்தவில்லை, வர்றியா செங்கோடு. இவர் அவளைப் பார்த்துக்கொண்டே வர்றனுங்க என்றார். வருசம் ஒண்ணாச்சு, ஒருக்கா வந்திருக்குதா, நீயே சொல்லு என்றார். வரவில்லை. அவளும் பார்க்கத்தானே செய்கிறாள், கீழே விழவில்லை, கை கால் இழுக்கவில்லை, நுரை தள்ளவில்லை. வரவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு, முதலில் இந்த லேப்டாப்பைச் சரி பண்ணி எடுத்து வருகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்று கிளம்பி வந்திருக்கிறாள். இது வழுக்கிக்கொண்டு ஓடினால் இதிலேயே உட்காருவார். கோழிக்கோடு தள்ளிப்போகும். வழுக்கிக்கொண்டு ஓடினால், பாத்தியா, எங் கை அப்படியே இருக்குது என்று அதையே சாக்காக வைத்துக் கிளம்பினாலும் கிளம்புவார். ஓடாவிட்டாலும் தப்பு, ஓடினாலும் தப்பு. இதில் எதைப் போய் அந்தப் பெண்ணிடம் சரி பண்ணித் தா என்று கேட்பது.

"சொல்லுங்கக்கா, என்ன பண்ணுது" என்றாள் கௌசல்யா. அவ்வளவு நேரம் மென்றுகொண்டிருந்தும் முதலில் வெளியே வந்தது, எங்கூட்டுக்காரர்துங்க, பேரனுது இல்லீங்க என்பதுதான். கௌசல்யா ஸ்க்ரூவை வாயிலிருந்து எடுத்தாள். "யாரு பேரனுதுன்னு சொன்னாங்க?" என்றாள். சாந்தாமணி மூச்சை இழுத்துக்கொண்டு வாக்கியத்தைச் சொன்னாள். படம் நின்னுருதுங்க, மறுபடி வர்றப்ப வண்டி பள்ளத்துல கெடக்குதுங்க. சரியாக வந்துவிட்டது. "கேமா? அண்ணன் வெளையாடறாரா? நல்லதுக்கா, எங்கூட்டுல இருக்கறது போன்ல சீட்டு ஆடிட்டுக் கெடக்குது" என்று சொல்லிக்கொண்டே கௌசல்யா திறந்து, ஏற்றி, அம்புக்குறியில் விரலை வைத்தாள். வண்டி கிளம்பியது. ஒரு வளைவில் படம் வெட்டியது, நின்றது, திரும்ப ஓடியது. மறுபடி நின்றது. ம், திக்குது என்றாள். அடியில் தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். சார்ஜர் சொருகித்தானே ஓட்டுவார் என்று கேட்டாள். சில நேரம் இல்லீங்க என்றாள் சாந்தாமணி, சார்ஜரைப் பிடுங்கிவிடுவது அவள்தான், நாள் பூராவும் கரண்டு ஓடுகிறதே என்று, அவர் பார்க்காத நேரத்தில். "சொருகாம ஓட்டுனா இது தானாவே வேகத்தைக் கொறச்சுக்கும்ங்கக்கா. அப்பறம் எதுமேல வெச்சு ஓட்டறாரு?" தலகாணி மேலதானுங்க என்று சொல்லும்போதே அதுவும் தப்புத்தான் என்று தெரிந்துவிட்டது. மேசை சூடாகிவிடுமே என்று தலையணை கொடுத்ததும் அவள்தான். தூசு படாமல் மேலே துண்டு போர்த்துவதும் அவள்தான். எல்லாம் பத்திரமாக இருக்கட்டும் என்று செய்தது, ஒவ்வொன்றும் இந்தப் பெண்ணுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை மாதிரி எழுந்து நிற்கிறது.

அடிமூடியைக் கழற்றியதும் கௌசல்யா சிரிக்க ஆரம்பித்தாள், விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தாள். "இதென்னங்கக்கா?" காற்றுப் போகிற ஓட்டைகளில் மஞ்சளும் சிவப்புமாகப் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. சந்தனம், குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது. வருசா வருசம் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்த கை சும்மா இருக்குமா, இந்த வருசம் வண்டி இல்லையே என்று லேப்டாப்பை மணைப்பலகையில் தூக்கி வைத்தார். நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்து மேலே ஏற்றி நசுக்க வேண்டும் என்றார், அதை மட்டும் அவள் தடுத்துவிட்டாள். சந்தனத்தைக் குழைத்து வரிசையாக எங்கெங்கே கட்டம் கட்டமாக ஓட்டை தெரிந்ததோ அங்கெல்லாம் அழகாக அப்பினார், பொட்டு நிற்க வசதியாக இருந்ததாம். "சாமி கும்புட்டதெல்லாம் சரிங்கக்கா, மூக்குலயா பொட்டு வெப்பாங்க? மூச்சு எப்பிடி வுடும் இது?" என்றாள் கௌசல்யா. சாந்தாமணிக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கோபமாக மாறியது. லாரி ரேடியேட்டரில் ஒரு சாக்குத் துண்டு ஒட்டியிருந்தால் கிளீனரை வார்த்தையால் வெட்டிப் போடுகிற மனுசன். இத்தனை வருசம் இன்ஜினோடு குடித்தனம் பண்ணியவர். அவருக்குத் தெரியாதா. தெரியும், லாரிக்குத் தெரியும். இதை லாரி என்று நினைத்துப் பூசை போட்டவர், இதற்கும் மூச்சு வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை.

கௌசல்யா பிரஷ்ஷால் சுரண்டினாள், ஊதினாள், விசிறியைக் கழற்றித் துடைத்தாள், உள்ளே ஏதோ காய்ந்த பசையை வழித்துவிட்டுப் புதிதாகத் தடவினாள். பேசிக்கொண்டே செய்தாள். இதில் கேமுக்கு என்று தனியாகக் கார்டு எதுவும் கிடையாது, காலேஜ் பிள்ளைகள் பாடம் படிக்கிற லேப்டாப், நிழல், தண்ணீர், தூரத்து மரம், எதிர் வண்டியின் மினுமினுப்பு எல்லாவற்றையும் இதுவே வரைய வேண்டும் என்றால் இதற்கு மூச்சு வாங்கும். அதையெல்லாம் குறைத்துவிடலாம், ரோடு மட்டும் நன்றாக ஓடும். மெமரி இன்னொன்று கூடப் போட்டால் இன்னும் நல்லது. "மரம் கம்மியாத் தெரியும், பரவால்லீங்களா? கோவிச்சுக்குவாரா?" கோவித்துக்கொள்வார். கொல்லிமலையில் மரம் இல்லாவிட்டால் கோவிக்காமல் என்ன செய்வார். எதற்குத்தான் கோவிக்கவில்லை. சாந்தாமணி தலையை ஆட்டி வைத்தாள், பண்ணுங்க கண்ணு என்றாள். வீட்டில் அடுப்பில் எதையாவது விட்டுவிட்டு வந்தோமோ என்று ஒரு நினைப்பு ஓடியது, இல்லை, அணைத்தாயிற்று, காலை மாத்திரை கொடுத்தோமா, கொடுத்தாயிற்று, முழுங்கினாரா, தண்ணீர் குடித்தார், முழுங்கினதைப் பார்த்தோமா. பட்டறையில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ புது வண்டி. யாரோ ஒருத்தி அதற்கும் மாலை போட்டு, வண்டி ரோட்டில் ஏறின நாளிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மூடியைப் போட்டு கௌசல்யா மறுபடி வண்டியைக் கிளப்பினாள். இப்போது வெட்டவில்லை. வளைவுக்குப் பின் வளைவு, வண்டி ஒழுகுவது போல் போயிற்று. விசிறிச் சத்தம்கூடக் குறைந்திருந்தது. சாந்தாமணிக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது, சரியாகச் சொன்னதால்தானே சரியாயிற்று. அப்போதுதான் கௌசல்யா, "ஆனா ஒண்ணு புரியலைங்கக்கா" என்றாள். "படம் நின்னுருது, வண்டி பள்ளத்துல கெடக்குதுன்னீங்க. அது ரெண்டும் சேராதே. மொதல்ல நான் ஓட்டுனப்பக்கூடப் பாத்தீங்கல்ல, படம் நின்னுச்சு, வண்டியும் அங்கியேதான நின்னுச்சு? நின்ன எடத்துல இருந்துதான மறுபடி கெளம்புச்சு? வண்டி இந்தப் படத்துக்குள்ளதானுங்க இருக்குது. படம் நின்னா வண்டி எங்க போகும்? வண்டி போயிப் பள்ளத்துல வுழுந்துச்சுன்னா படம் ஓடிட்டுத்தான் இருந்திருக்கோணும்." பிறகு சிரித்துக்கொண்டு, நீங்க எதையோ மாத்திச் சொல்றீங்க என்றாள்.

மாற்றிச் சொல்லவில்லை. எதையும் மாற்றவில்லை, சேர்க்கவில்லை, விடவில்லை, அவர் சொன்னதை அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வண்டி போகுமா, படம் நிற்குமா. படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவளே பார்த்தாளே. போன வாரம், முறுக்குத் தட்டோடு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றபோது, வளைவு வந்துகொண்டிருந்தது, வெள்ளைக்கல் ஒவ்வொன்றாக வந்து கடந்தது, புளியமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது, இவர் திருப்பவில்லை. அவள் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. விரல் பட்டனிலேயே இருந்தது. வாய் எதையோ மென்றது, வெற்றிலை போட்டிருக்கிறார் என்று நினைத்தாள், அவர் வெற்றிலையை விட்டு வருசக்கணக்கு ஆகிறதே. இன்னொரு கை சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தது. ஏனுங்க, முறுக்கு என்றாள். வண்டி மரத்தில் மோதிக் கவிழ்ந்தது, சக்கரம் காற்றில் சுற்றியது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைத் தூக்கி, "ச்சே, நின்னுருச்சு பாரு இந்தச் சனியன்" என்றார். முறுக்கு எப்போது வந்தது என்று கேட்டார். அவள் பார்த்ததைத்தான் பார்த்தாள். ஆனால் அவர் நின்றது என்றதும் நின்றது என்று எடுத்துக்கொண்டாள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கம்ப்யூட்டரில் எது நிற்கிறது எது ஓடுகிறது என்று என்ன தெரியும் என்று தன் கண்ணையே தள்ளிவிட்டு அவர் வார்த்தையை நம்பினாள். அவரும் பொய் சொல்லவில்லை. அவருக்கு நின்றுதான் போயிற்று. அவருக்கு எல்லாமே நின்று, வந்து பார்த்தபோது வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கிறது. சேலத்து டாக்டர் அன்றைக்கே கேட்டார், கூப்பிட்டாத் திரும்பாம, கண்ணைத் திறந்தபடியே வெறிச்சுப் பாத்துட்டு இருப்பாராம்மா என்று. அவள் அதற்கு, எப்ப நாங் கூப்பிட்டுத் திரும்பியிருக்காருங்க டாக்டர், கலியாணம் ஆனதுல இருந்தே அப்படித்தானுங்க என்றாள். டாக்டர் சிரித்தார், இவரும் சிரித்தார், அவளுக்கும் அது நல்ல பதிலாகத்தான் பட்டது. அதுவும் வலிப்புத்தான், கீழே விழாத வலிப்பு, எத்தனை தடவை வந்ததோ. சாப்பிடும்போது வந்ததோ, டிவி பார்க்கும்போது வந்ததோ, அவள் திட்டிக்கொண்டே இருந்தபோது வந்து போனதோ. செவிடா, காது அவிஞ்சு போச்சா என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறாள். கோழிக்கோட்டு ரோட்டில் எத்தனை வளைவு. ஒவ்வொரு வளைவிலும் டம்ளர் கழுவ எழுந்திருக்காத ஒருத்தன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

அக்கா, தண்ணி குடிக்கறீங்களா என்றாள் கௌசல்யா. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, சாந்தாமணி போனை எடுத்தாள். திரையில் தங்கமுத்து அண்ணன் பெயர் இரண்டு தடவை நழுவிப் போயிற்று. அவர் எடுத்ததும், "என்ன அம்மிணி, அதிசயமா நீ கூப்புடற" என்றார். ஆபீசில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. அவள் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. அண்ணா, அவருக்கு வண்டி குடுக்காதீங்க என்றாள். தொப்பூருல தூக்கம் இல்லீங்க, வலிப்புங்க, மறைச்சுட்டோம், இப்ப மறுபடி வருது, அவருக்கே தெரியாம வருது. "நேத்துக்கூட நல்லாத்தான அம்மிணி பேசுனான்" என்றார். "பேசறப்ப நல்லாத்தானுங்க இருப்பாரு." "இதை அவன் மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று இழுத்தார். "எங்கிட்ட வந்து கேட்டான்னா என்னன்னு சொல்றது நானு? இப்படின்னு தெரிஞ்சா மனசு வுட்டுப் போயிருவான்." "நாஞ் சொன்னேன்னே சொல்லுங்கண்ணா. வூட்டுக்கு வந்து என்னை வெட்டிப் போட்டாலும் போடட்டும்." கௌசல்யா திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, பாக்கலாம் அம்மிணி என்றார் தங்கமுத்து. பாக்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்த சொல், அதை வைத்துத்தான் அவளே இத்தனை நாளை ஓட்டினாள். "பாக்கலாம் வேண்டாங்கண்ணா. திங்கக்கெழமை யாரு போறாங்கன்னு இப்பவே சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்" என்றாள். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, பிறகு அவர் யாரையோ, "டேய் சித்தையா, கோழிக்கோடு நீ எடுத்துக்கறயா?" என்று கூப்பிட்டார். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, யாரென்றே தெரியாத அந்த ஆள் ஆபீசின் மறுகோடியிலிருந்து சரிங்க என்று சொன்னது காதில் விழும்வரை காத்திருந்து, அதன் பிறகே வைத்தாள்.